வெள்ளிக்கிழமைகளில் குளிர்ந்த கிணறு

தியாகலிங்கத்தைப் பைத்தியம் என்று யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மரியாதையால் அல்ல. அந்த மனிதர் எப்போது பார்த்தாலும் குனிந்தபடிதான் இருப்பார், முகத்தைக் கண்டால்தானே சொல்ல! ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வருவதற்கு முன்பே எழுந்து கிணற்றடிக்குப் போவார். சட்டைப் பையிலிருந்து நூல்பந்து ஒன்றை எடுத்து, அதன் நுனியில் கட்டியிருக்கும் வெப்பமானியை மெல்லத் தண்ணீரில் இறக்குவார். வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றால், "கொஞ்சம் பொறுங்கோ, இப்ப முடிஞ்சிடும்" என்பார். சகோதரி மகனுக்குப் பெண் கேட்கப் போன வீட்டிலும் இதைச் செய்தார் என்று ஒரு கதை உண்டு. பொய்யாக இருக்கலாம். ஆனால் கேட்ட ஒருவரும் அதை நம்பாமல் விடவில்லை.

அவர் தேடியது சுடுதண்ணீர். அடுப்பில் வைத்த சுடுதண்ணீர் அல்ல, பூமிக்குள்ளிருந்து தானாக ஊறி வருகிற சுடுதண்ணீர். எதற்காக என்பதை அவர் வெளியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்காது. அது அவருடைய மனைவி நாகேஸ்வரியின் முழங்கால்களுக்கு.

எண்பத்திமூன்றாம் ஆண்டு ஆடி மாதம் வரைக்கும் இப்படிக் குனிந்து திரிவதற்கு அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. கிழக்குப் பக்கத்துக் காடுகளுக்குள்ளும் வயல்வெளிகளிலும் வெந்நீர் ஊற்றுகள் சில இருக்கின்றன அல்லவா? அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, அதை வைத்து மின்சாரம் எடுக்கலாமா என்று பார்க்க ஒரு குழு புறப்பட்டது. திருகோணமலையில் இருந்துகொண்டு அந்தக் குழுவுக்கு வயர் இழுப்பதும், மண்ணில் இரும்புக் கம்பி அறைவதும், கருவியின் வாசிப்பை உரத்துச் சொல்வதும் தியாகலிங்கத்தின் வேலை. வெயிலில் கறுத்து, முள்ளில் கிழிபட்டு, சந்தோசமாகச் செய்தார்.

மண்ணுக்குள் மின்சாரத்தை விட்டு, மண் அதை எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்ப்பார்கள். சூடான தண்ணீர் ஊறிக் கிடக்கும் பாறை அதிகம் எதிர்க்காது, போ என்று விட்டுவிடும். கரைச்சல் என்னவென்றால் உப்புத் தண்ணீரும் அப்படித்தான் விடும், களிமண்ணும் அப்படித்தான் விடும். ஆகையால் அந்த ஒன்றோடு நிறுத்த முடியாது. காந்தமானியைத் தூக்கிக்கொண்டு நடந்து, பாறை எந்தப் பக்கம் வெடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு துளை போட்டு, வெப்பமானியை மேலிருந்து அடிவரைக்கும் இறக்க வேண்டும். கீழே போகப் போகச் சூடு ஏறினால்தான் அது பூமியின் சூடு. குழுவுக்குத் தலைவராக இருந்தவர் மாத்தறைப் பக்கத்து மனிதர், சாந்தமானவர். ஒரே சாட்சியை நம்பி யாராவது வழக்குக்குப் போவார்களா என்று கேட்பார். ஒருவரை ஒருவர் முன்பின் கண்டிராத மூன்று சாட்சிகள் ஒரே சொல்லைச் சொன்னால்தான் மண்வெட்டியைத் தொட விடுவார். இதை நீங்கள் ஞாபகம் வைத்திருங்கள். தியாகலிங்கம்தான் பிறகு மறந்துபோனார்.

கலியாணம் செய்து மூன்றாம் வருடம் நாகேஸ்வரிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் போகிற போக்கில் அவளுடைய இரண்டு முழங்கால்களிலும் எதையோ வைத்துவிட்டுப் போனது. விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்குவதே பெரும்பாடு. ஓய்வு நாட்களில் அவளைப் பேருந்தில் ஏற்றிக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. அதிலே மிதமான சூடுள்ள கிணற்றைத் தேர்ந்தெடுத்து, வாளி வாளியாக அள்ளி அவளுடைய முழங்கால்களில் ஊற்றுவார். போகும்போது அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு போனவள், திரும்பும்போது அவருக்கு முன்னால் நடப்பாள். பின்னலை ஆட்டிக்கொண்டு அவள் முன்னால் போவதைப் பார்த்தபடி பின்னால் வருவதுதான் அவருக்கு அந்தக் காலத்தில் கிடைத்த பெரிய சுகம்.

அந்த ஆடிக் கலவரத்தில் திருகோணமலையில் அவர்களுடைய வீடு எரிந்தது. ஒரு லொறியின் பின்பக்கத்தில் ஏறி, கொக்குவிலில் நாகேஸ்வரிக்குச் சீதனமாகக் கொடுத்திருந்த வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். உடுத்த உடுப்பும், தியாகலிங்கத்தின் சட்டைப் பையில் தற்செயலாகக் கிடந்த வெப்பமானியும்தான் மிஞ்சின. வேலையும் போனது, கன்னியாவும் போனது. வந்தவர் ஒரு கதிரையை இழுத்துச் சுவரைப் பார்க்கப் போட்டுக்கொண்டு இருந்தார். சோறு போட்டால் தின்றார், கேட்டால் ஓம் என்றார். மாரி வந்தது. நாகேஸ்வரி சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போவதை அவருடைய கண் பார்த்தது, ஆனால் கண்டதாகத் தெரியவில்லை.

ஒருநாள் விடிய அவள் குசினி வாசலில் நின்றபடி சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, இந்த ஊர் மண்ணுக்குள்ளை ஒரு சுடுதண்ணி ஊற்றும் இல்லையோ? அங்கை இருக்கிறது இஞ்சை இருக்கக்கூடாதெண்டு சட்டமே?"

வலி தாங்காமல் சொன்னாளா, கதிரையில் கிடந்த மனிதனை எழுப்பச் சொன்னாளா என்று அவளுக்கே பிறகு சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தியாகலிங்கம் எழும்பினார். வெப்பமானியைத் தேடி எடுத்தார். நூலைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

போன முதல்நாளே சண்டை.

அந்தக் கிணறு பங்குக் கிணறு. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கிணறு, மதில் இரண்டு பக்கத்தாலும் வந்து கிணற்றுக்கட்டில் முட்டி நிற்கும். பாதி வாய் இவர்களுக்கு, மற்றப் பாதி பக்கத்து வளவுப் பூரணத்துக்கு. பூரணம் புருசனை இழந்தவள். நெல் அவித்துக் குற்றி அரிசி விற்றுச் சீவிக்கிறவள். குரல் மட்டும் நாலு வளவுக்குக் கேட்கும். அன்றைக்குத் தன்னுடைய பக்கத்தில் வாளியோடு நின்றவள், தியாகலிங்கத்தின் கையிலிருந்து ஏதோ பளபளவென்று கிணற்றுக்குள் இறங்குவதைக் கண்டுவிட்டாள்.

"உதென்ன உது, குடிக்கிற தண்ணிக்குள்ளை இறக்கிறியள்?"

"வெப்பமானி."

"உள்ளுக்கை மினுங்கிறது என்ன?"

"பாதரசம்" என்றார் தியாகலிங்கம். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"ஐயோ, அது நஞ்செல்லே! ரெண்டு வீட்டுச் சனத்தையும் சாக்கொல்லப் பாக்கிறியளோ?"

சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். பல மாதமாகக் கோபமோ சிரிப்போ எதுவும் வராத தியாகலிங்கத்துக்கு முதலில் வந்து தொலைத்தது கோபம். "படியாத சனத்தோடை கதைச்சு வேலையில்லை" என்றுவிட்டார். கண்ணாடி உடைந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பூரணம் சொன்னதில் பிழையே இல்லை. ஆனால் தெருவே நின்று பார்க்கும்போது யார்தான் அதை ஒப்புக்கொள்கிறார்கள்?

"படிச்ச நீங்கள் உங்கடை பாட்டைப் பாருங்கோ. இனி உங்கடை வீட்டுப் பக்கம் நான் வாய் திறந்தால் ஏனெண்டு கேளுங்கோ" என்றாள் பூரணம். சொன்னபடியே இருந்தாள். புருசன் கதைக்காத வீட்டோடு பெண்சாதியும் கதைக்கக்கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம், ஆகையால் நாகேஸ்வரியும் ஊமையானாள். ஒரு பக்கத்துக் கப்பி கிறீச்சிட்டால் மற்றப் பக்கத்தார் வாளியோடு வீட்டுக்குள் நின்று காத்திருப்பார்கள். எண்ணெய் போட்டால் சத்தம் கேளாது என்று இரண்டு வீட்டாரும் கப்பிக்கு எண்ணெயே போடவில்லை. கோபத்திலும் எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்.

தனியார் வகுப்பு ஒன்றில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து வீட்டைக் கொண்டு நடத்திக்கொண்டே தியாகலிங்கம் தேடினார். வலிகாமத்துக் கிணறுகளைப் பார்த்தார். சாவகச்சேரிக்குச் சைக்கிளில் போய்த் தென்மராட்சிக் கிணறுகளைப் பார்த்தார். மயிலிட்டியில் கடலோரத்துக் கிணறொன்றில் வெப்பமானியை இறக்கியபோது வலை காயப் போட்ட பெண்கள் கூடிவிட்டார்கள். கிணற்றுக்குக் காய்ச்சலோ என்று ஒருத்தி கேட்க, "காய்ச்சல் வந்தால் நல்லதெண்டுதான் பாக்கிறன், பிள்ளை" என்றார். ஒரு கிணற்றுக்கும் காய்ச்சல் இல்லை. எல்லாம் ஒன்றுபோலக் குளிர்ந்து கிடந்தன.

வருடங்கள் போயின. எத்தனை படைகளின் சப்பாத்துகள் தெருவால் போயின என்று நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுக்குப் பிறகு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் அரிது, பற்றரி என்ற சாமானைக் கண்ணாலும் காணக் கிடையாது. நாகேஸ்வரியின் முழங்கால்கள் மட்டும் ஒருபோதும் குறைவில்லாமல் வீங்கின. தியாகலிங்கம் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்துத் துணி நனைத்து ஒற்றிவிடுவார். இரண்டாம் முழங்காலுக்கு வருவதற்குள் ஆறிவிடும். முழங்கால் மூழ்கத் தண்ணீர் காய்ச்ச விறகுக்கு எங்கே போவது? "போதுங்கோ, இப்ப சுகம்" என்பாள் அவள். சுகமில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

தொண்ணூற்றிரண்டில், தை மாதத்து விடியற்காலை ஒன்றில், தன்னுடைய கிணற்றிலேயே தியாகலிங்கம் பிடித்தார். கிணற்றின் கிழக்கு மூலையில், மதிலோரம், தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. கொஞ்சம்தான். ஆனாலும் சூடு சூடுதானே! வெப்பமானியைத் துடைத்து, திரும்ப இறக்கினார். அதே வாசிப்பு. குசினிக்கு ஓடிப்போய், "நாகேஸ், இஞ்சை வாரும், கெதியாய் வாரும்!" என்று கத்தினார். கெதியாய் வரக்கூடிய காலாக இருந்தால் இவ்வளவு பாடும் எதற்கு என்பது பிறகுதான் உறைத்தது. ஓடிப்போய்த் தானே அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து தினமும் விடிய அளந்தார். சூடு இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் கிணறு பழையபடி குளிர்ந்துவிடும், சனிக்கிழமை திரும்பச் சூடேறும். மழை நாட்களிலும் சூடு இல்லை. தியாகலிங்கம் யோசித்தார். எங்களுடைய பக்கத்துக் கிணறுகளில் கடல் வற்றுப் பெருக்கோடு தண்ணீர் ஏறி இறங்குவது உண்மைதான். சந்திரன், அலை, சுண்ணாம்புப் பாறையின் குகைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விளக்கம் செய்தார். அழகான விளக்கம். வெள்ளிக்கிழமையைத் தவிர எல்லாவற்றுக்கும் பொருந்தியது.

"பூமாதேவியும் வெள்ளிக்கிழமை விரதமாக்கும்" என்றாள் நாகேஸ்வரி.

தியாகலிங்கம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். லொறியில் வந்து இறங்கியதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. அவள் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

இனி இரண்டாவது சாட்சியை அழைக்க வேண்டும். மண்ணுக்குள் மின்சாரம் விட வேண்டும், ஆனால் மின்சாரத்துக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் ரேடியோவுக்குச் சோறு போட்டது சைக்கிள் டைனமோதான். தியாகலிங்கமும் சைக்கிளைக் கிணற்றடியில் தலைகீழாக நிறுத்தினார். செத்துப்போன தொலைபேசிக் கம்பத்து வயரை இழுத்தார். வேலிக்கு நின்ற இரும்புக் கம்பிகளில் நான்கைப் பிடுங்கி மண்ணில் அறைந்தார். மின்சாரம் ஓடுவதைக் காதால் கேட்க ஒரு பழைய தொலைபேசியின் காதுத்துண்டு, அந்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க உடைந்த ரேடியோவின் திருகு. திருகத் திருக இரைச்சல் குறைந்து, ஓரிடத்தில் அற்றுப்போகும். அந்த இடம்தான் மண்ணின் பதில்.

இவர் பெடலைக் கையால் சுற்றினார். காதுத்துண்டைப் பிடித்துத் திருகைத் திருப்பும் வேலை நாகேஸ்வரிக்கு, ஏனென்றால் அதை முக்காலியில் இருந்துகொண்டே செய்யலாம்.

"கேக்குதோ?"

"ஓம், வண்டு மாதிரி ஒண்டு."

"இப்ப?"

"குறையுது... பொறுங்கோ, கெதியாய்ச் சுத்தாதேங்கோ... நிண்டிட்டுது!"

அந்த "நிண்டிட்டுது" என்பதை அவள் சொல்லும் விதத்தில் அவருக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு குளிர்ந்தது. கம்பிகளைப் பிடுங்கி வேறிடத்தில் அறைந்து, வளவு முழுவதும் பின்னேரங்களில் இந்த விளையாட்டு நடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்தில் பூரணம் என்ன நினைத்திருப்பாள்! தலைகீழ்ச் சைக்கிளைச் சுற்றும் புருசன், காதில் தொலைபேசி வைத்துக்கொண்டு சிரிக்கும் பெண்சாதி. தொலைபேசி வேலைசெய்து எத்தனையோ வருடம்.

பதில் தெளிவாக வந்தது. வளவில் மற்ற எல்லா இடத்திலும் மண் முறுக்கிக்கொண்டு நின்றது. கிணற்றின் கிழக்கு மூலையில், மதிலோரம் மட்டும், மின்சாரத்தைத் தாராளமாகப் போக விட்டது. உப்பாக இருக்குமோ? தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார், நல்ல தண்ணீர். அந்த மூலையில் களிமண்ணும் இல்லை. அப்படியென்றால் சூடுதான். இரண்டு சாட்சிகளும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டன.

மூன்றாவதைத் தியாகலிங்கம் கேட்கவில்லை. கிணற்றின் அடியை உடைத்து இறக்கினால் ஊற்று வந்துவிடும் என்ற எண்ணம் அவரை உலுப்பிக்கொண்டிருந்தது. அடியை உடைப்பது விளையாட்டல்ல. எங்களுடைய நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு கிடக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறக்கினால் உப்பு மேலே வந்துவிடும், பிறகு அந்தக் கிணறு கிணறே அல்ல. இரண்டு வீட்டுக்கும் குடிக்கத் தண்ணீர் போய்விடும். இதெல்லாம் அவருக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டுதான் கிணறு வெட்டும் ஏரம்புவிடம் போய்ப் பாறை உடைக்கும் பெரிய அலவாங்கு ஒன்றை இரவல் வாங்கி வந்தார். ஆசை வந்தால் படித்தவனுக்கும் கண் மறைக்கும். அதிலும் இது தனக்காகப் பட்ட ஆசை இல்லை, அதனால் அவருக்கு அது ஆசை மாதிரியே தெரியவில்லை.

மறுநாள் விடிய, அலவாங்கை மதிலில் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். பங்குக் கிணறு, பூரணத்திடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றபோது நாகேஸ்வரி முக்காலியில் இருந்தபடி கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, அடியிலை பாத்தியளோ?"

"என்ன அடியிலை?"

"துளை போட்டு அடிமட்டும் இறக்கிப் பாக்கிறதெண்டு முந்திச் சொல்லுவியள். இஞ்சை துளை போடத் தேவையில்லை, கிணறு கிடக்குது. நீங்கள் மேலைதானே எப்பவும் அளக்கிறியள்."

தியாகலிங்கம் அவளைப் பார்த்தார். அவள் தன்னுடைய இடுப்பிலிருந்து ஒரு நூல்பந்தை எடுத்து நீட்டினாள். பழைய சாறியின் கரையைப் பிரித்துத் திரித்த நூல், கிணற்றின் அடிவரை போகக்கூடிய நீளம். எத்தனை நாளாகத் திரித்தாளோ. அவர் அதை வாங்கி வெப்பமானியில் முடிந்து, இறக்கினார். ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டியிருந்தார். அது அடியில் தட்டுவது விரலுக்குத் தெரிந்தது. காத்திருந்து, சட்டென்று மேலே இழுத்துப் பார்த்தார். வெறும் கிணற்றுக் குளிர். பாதி ஆழத்தில் பிடித்துப் பார்த்தார், அங்கேயும் அதே குளிர். மேலே மட்டும்தான் சூடு, ஒரு பாய் விரித்த அளவுக்கு.

பூமிக்குள்ளிருந்து வருகிற சூடு மேலே மட்டும் மிதக்காது. அதை முதல் நாளே பார்த்திருக்கலாம். பார்க்காமல் விட்டது மறதி அல்ல, பார்க்கப் பயம். அவர் கிணற்றுக்கட்டில் இருந்து முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு அழுதார். எரிந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் அழுதார் என்று நினைக்கிறேன். நாகேஸ்வரி முக்காலியை இழுத்து இழுத்துக் கிட்ட வந்து, அவருடைய முதுகில் கை வைத்தாள்.

"அழாதேங்கோ. ஒம்பது வரியமாய் எனக்காகத் திரிஞ்சியள். எந்தப் பெண்சாதிக்கு எவன் இப்பிடித் திரிஞ்சான்?"

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கத்தில் 'சோ'வென்று ஒரு சத்தம் கேட்டது. மதிலுக்கு மேலாலே, கிணற்றின் கிழக்கு மூலைக்கு நேரே, குபுகுபுவென்று ஆவி எழும்பியது. அவித்த நெல்லின் வாசம் வந்தது.

தியாகலிங்கம் துவாயை எடுத்தார். அந்த வாசம் தினமும் வருவதுதான். பூரணம் விடிய முன்னம் தொடங்கிப் பெரிய கிடாரத்தில் இரண்டு மூன்று தடவையாக நெல் அவிப்பாள், நெல்லைக் கோலி எடுத்துப் பாயில் காயப் போட்டுவிட்டு, மிஞ்சிய கொதிதண்ணீரை ஊற்றுவாள். முந்தியெல்லாம் கொல்லைக் கொட்டிலில் அவித்தவள், கொட்டிலில் ஷெல் விழுந்த பிறகு அடுப்பை மதிலோரத்துக்கு மாற்றியிருந்தாள். அங்கே நிற்கும் வாழைக்கு ஊற்றுகிற சாம்பல் கலந்த சுடுதண்ணீர், மண்ணில் வடிந்து, சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளால் இறங்கி, கிணற்றுக்கு வந்திருக்கிறது. மழைக்கு நெல் காயாது, ஆகவே மழை நாளில் அவிப்பதில்லை. வெள்ளிக்கிழமை?

"வெள்ளிக்கிழமை அவ விடியவே கோயிலுக்குப் போறவ" என்றாள் நாகேஸ்வரி.

"உமக்குத் தெரியுமோ?"

"சரியாய்த் தெரியாது. வெள்ளிக்கிழமையெண்டு நீங்கள் சொன்னவுடனை ஒரு யோசினை வந்தது. நீங்கள் சிரிச்சியள். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

சாட்சிகள் பொய் சொல்லவில்லை. தண்ணீர் சூடு என்று ஒன்று சொன்னது, மண் ஈரம் என்று மற்றது சொன்னது, இரண்டும் உண்மை. எங்கிருந்து என்று மட்டும் அவர் கேட்காமல் விட்டார்.

அவர் எழும்பினார். அலவாங்கைத் தாண்டிப் போய்க் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பூரணமக்கா."

கிடாரத்தை நிலத்தில் வைக்கும் ஓசை கேட்டது.

"பூரணமக்கா, பாதரசம் நஞ்சுதான்."

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. நாலு வளவுக்குக் கேட்கிற குரல் இல்லை. "அது எனக்கு அண்டைக்கே தெரியும். அதுக்கென்ன இப்ப?"

தியாகலிங்கம் சொன்னார். கன்னியா, காய்ச்சல், முழங்கால், சைக்கிள், வெள்ளிக்கிழமை என்று ஒழுங்கில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் பூரணம் தன் பக்கத்துக் கிணற்றுக்கட்டுக்கு வந்து நின்றாள். கரி பிடித்த கை, வியர்த்த முகம். தியாகலிங்கத்தைப் பார்க்கவில்லை, முக்காலியில் இருந்த நாகேஸ்வரியின் முழங்கால்களைப் பார்த்தாள்.

"அட பாவியளே! நாளும் பொழுதும் கிடாரம் கிடாரமாய் வாழைக்கு ஊத்திறன். அந்த வாழையும் வெந்து செத்துப் போச்சு. ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதே?" கரி பிடித்த கையைச் சேலையில் துடைத்தாள். "நானும்தான் பாத்துக்கொண்டிருந்தனான், பிள்ளை சுவரைப் பிடிச்சு நடக்கிறதை. வாய் திறக்கமாட்டனெண்டு சொல்லிப்போட்டன் எண்டதுக்காக நானும் ஒரு மனிசியே!"

இரவல் அலவாங்கு வீணாகவில்லை. அன்றைக்கே தியாகலிங்கம் அதால் மதிலில் ஒரு ஓட்டை போட்டார். ஓட்டைக்குள் ஒரு குழாயைச் செருகி, இந்தப் பக்கத்தில் உடுப்புத் தோய்க்கும் சீமெந்துத் தொட்டியோடு பொருத்தினார். மறுநாள் விடிய நாகேஸ்வரி தொட்டிக்குள் கால்களை வைத்துக்கொண்டிருக்க, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "வருகுது, சூடு பாத்து வையும் பிள்ளை!" என்ற கூப்பாட்டோடு தண்ணீர் வந்தது. நெல் வாசத்தோடு, மண்ணிறமாக, முழங்கால் மூடி. ஆற நெடுநேரம் எடுத்தது. தொட்டியை விட்டு இறங்கியவள், யாரையும் பிடிக்காமல் வாசல்வரை நடந்தாள். தியாகலிங்கம் பின்னால் நின்று பார்த்தார். பின்னலில் நரை விழுந்திருந்தது, ஆட்டம் அதேதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை தியாகலிங்கம் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கப் போனார். குழாயால் தண்ணீர் வந்தது. நெல் வாசமே இல்லாத வெறும் சுடுதண்ணீர். கோயிலுக்குப் போக முன்னம் பூரணம் தன்னுடைய விறகில் தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்திருக்கிறாள். இவர் பின்னேரம் ஒரு கட்டுத் தென்னோலையும் பாளையும் கொண்டுபோய் அவளுடைய அடுப்படியில் போட்டார். கப்பிகளுக்கு இரண்டு வீட்டாரும் தேங்காயெண்ணெய் பூசினார்கள்.

மூன்று வருடம் அப்படிப் போனது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், சண்டை நெருங்கி வர, கொக்குவிலும் அடங்கிய வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி தெருத்தெருவாகப் போனது. மழை பெய்துகொண்டிருந்தது. தியாகலிங்கம் சைக்கிளை வெளியில் எடுத்துக் காரியரில் சாக்கை மடித்துப் போட்டார், நாகேஸ்வரி இருந்து வருவதற்கு. அவள் வந்து பார்த்தாள். சாக்கை எடுத்தாள்.

"இதிலை கிடாரத்தைக் கட்டுங்கோ. நான் நடப்பன்."

"சாவகச்சேரி மட்டும் என்னெண்டு நடக்கிறது, நாகேஸ்?"

"கட்டுங்கோ எண்டுறன். அது இல்லாட்டி பூரணமக்கா போற இடத்திலை எதைக் கொண்டு சீவிக்கிறது?"

கிடாரம் கவிழ்ந்து ஏறியது. தியாகலிங்கம் சைக்கிளை உருட்ட, பின்னால் இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்தடியில் சனம் கால் வைக்க இடமில்லாமல் நெருக்கியது. கிடாரத்தின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டே, அந்தச் சனத்துக்குள்ளும் அவர்கள் அவரைத் தவறவிடாமல் பின்தொடர்ந்தார்கள். நாகேஸ்வரி நின்று நின்று நடந்தாள், பல்லைக் கடித்து நடந்தாள், ஆனால் சாவகச்சேரி மட்டும் நடந்தே வந்தாள்.

ஒரு பள்ளிக்கூடத்து மாமரத்தின் கீழே இடம் கிடைத்தது. விறகு தேடிப் பிடித்து மூன்று கல் வைத்துக் கிடாரத்தை ஏற்றுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. தியாகலிங்கம் தண்ணீர் அள்ளி நிறைத்து, ஊதி ஊதி நெருப்பை மூட்டினார். இரவலாகக் கிடைத்த ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் சுடுதண்ணீரை விட்டார். நாகேஸ்வரி சட்டியைப் பூரணத்தின் பக்கம் தள்ளினாள். நடந்து வந்ததில் பூரணத்தின் கால்கள் பானை மாதிரி வீங்கிக் கிடந்தன.

"முதலிலை நீங்கள் வையுங்கோ, அக்கா."

"எனக்கென்ன, நீர் வையும்."

"வையுங்கோ எண்டுறன்!"

இருவரும் ஒரே சட்டிக்குள் கால்களை வைக்கப் போனார்கள். "பொறுங்கோ, சூட்டைப் பாக்கவேணும்" என்றார் தியாகலிங்கம். கை வழக்கம்போலச் சட்டைப் பைக்குப் போனது. பை வெறுமையாக இருந்தது.

"வெப்பமானி எங்கை?" என்று கேட்டாள் நாகேஸ்வரி.

"கிணத்துக்கட்டிலை வைச்சனான். எடுக்க மறந்துபோனன்."

பூரணம் நிமிர்ந்து பார்த்தாள். "கிணத்துக்குள்ளை விழாமல் இருந்தால் சரி" என்றாள்.

மூவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்த பிறகு, குழந்தைக்குத் தண்ணீர் வார்க்கிறவர்கள் செய்வதைப்போல, தியாகலிங்கம் குனிந்து தன்னுடைய முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"அளவாய் இருக்கு. வையுங்கோ" என்றார்.